சுவருக்குப் போகும் முகம்

அப்பா இறந்த பிறகு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். செல்போனில் நல்ல படம் ஒன்று எடுத்து, சுவர் ஆபீசில் காட்டி, அவர்கள் சரி என்றால்தான் இறந்தவர் சுவருக்குப் போகலாம். அதுவரை வீட்டில் இருப்பார். பேப்பர் படிப்பார். காப்பியில் சர்க்கரை குறைச்சல் என்பார். சுவருக்குப் போய்விட்டால் பேச்சு கிடையாது.

படம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அது ஒன்றும் புதிதில்லை. காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு எதுவானாலும் எல்லோரும் வரிசையாக நின்ற பிறகு அப்பா சொல்வார், "வடிவு, நீ எடு" என்று. எடுத்தேன். எங்கள் குடும்பப் படம் எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன், எடுக்கிற பக்கத்தில். அந்தப் பக்கத்தை யாரும் பிரேம் போட்டு மாட்டுவதில்லை.

தம்பி கதிரேசன் லீவு போட்டு மஸ்கட்டிலிருந்து வந்திருந்தான். லீவு முடிவதற்குள் அப்பாவைச் சுவரில் ஏற்றி, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிவிட வேண்டும் என்று பறந்தான். எனக்கு அவசரமில்லை. அப்பா போவதே எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தவரை என்னிடம் வாயைத் திறக்காத மனிதர் செத்த பிறகுதான் பேச ஆரம்பித்திருந்தார். புளிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷமும் அதே குழம்புதான் வைத்தேன். வயிறு எரியாதா?

அதனால் படத்தை வேண்டுமென்றே கெடுத்தேன்.

கெடுப்பது சுலபம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்து எடுத்தேன். படத்தில் முகம் கறுத்துப்போனது. அன்று முழுக்க நாற்காலியில் இருட்டுதான் உட்கார்ந்திருந்தது. இருட்டு பேப்பர் கேட்டது. கொடுத்தேன்.

மறுநாள் தாளித்த கையோடு லென்சைத் தொட்டுவிட்டு எடுத்தேன். வீடு முழுக்க மூடுபனி இறங்கிவிட்டது. கதிரேசன் பீரோவில் முட்டிக்கொண்டான். அப்புறம் பிளாஷ் போட்டேன். அப்பாவுக்குக் கண் சிவந்துபோய், சாயங்காலம் வரை எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

எனக்குப் பிடித்தது ஜூம்தான். விரலை வைத்து இழுத்தால் திரையில் அப்பா பக்கத்தில் வருவார். ஹாலில் அதே அளவுக்குத் தள்ளிப் போவார். இழுக்க இழுக்க ஹால் நீண்டது. கடைசியில் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் ஆறிப்போயிற்று. அதற்கும் திட்டினார். தூரத்தில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை.

எதிர்வீட்டு ஜெபமணி சார் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கை ஆடக் கூடாது, முழங்கையை விலாவோடு ஒட்டிவை என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் கேமரா ஸ்டாண்டு ஆகிவிட்டார். மூன்று கால். அவர் மனைவி அவரைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலை முடிந்ததும் மறக்காமல் தந்துவிடு, நனைய விடாதே என்றாள். செல்போனை அவர் தலையில் மாட்டினேன். எடுக்கும்போது காலால் ஒரு தட்டு தட்டினேன். படம் ஆடிப்போனது. சார் மனம் உடைந்துபோனார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அன்றைக்கே துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுவர் ஆபீசில் எஸ்தர் மேடம் என்று ஒருத்தி. நான் கொண்டுபோன எல்லாப் படத்தையும் திருப்பிக் கொடுத்தாள். கடைசியாக, வெள்ளிக்கிழமைக்குள் நல்ல படம் வராவிட்டால் ரேஷன் கார்டில் இருப்பதையே மாட்டிவிடுவோம் என்றாள். பிறகு மாற்ற முடியாதாம்.

ரேஷன் கார்டில் அப்பா ஆடு திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி இருப்பார். அந்த முகத்தோடு காலாகாலத்துக்கும் தொங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்போனோடு போய் நின்றேன். அப்பா பேப்பரை மடித்துவைத்தார்.

"ஏட்டி, நீ வேணும்னேதான கெடுக்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"நல்லா எடுத்தா போயிருவியள்லா."

அப்பா சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி அடித்து முடித்திருந்தான் கதிரேசன்.

"ஆட்டுக் களவாணியா தொங்கச் சொல்லுதியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அதே முந்தானையின் காய்ந்த ஓரத்தால் லென்சையும் துடைத்தேன். நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். வெயில் நேராக விழாமல் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டேன். எல்லாம் எனக்குத் தெரியும். நன்றாக எடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் ஒழுங்காகக் கெடுக்கவும் தெரியும்.

"கிட்ட வா," என்றார் அப்பா. "அங்கன நின்னு இழுக்காத. கிட்ட வா."

போனேன். எனக்கு நினைவு தெரிந்து அவ்வளவு பக்கத்தில் அவரிடம் போனதில்லை. செல்போன் திரையில் அவர் கண்ணைத் தொட்டேன். துலங்கி வந்தது. அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"கண்ணாடியக் கழட்டவா? அதுல நீ தெரியுத."

"கழட்டாண்டாம்."

அப்பா யோசித்தார். "சரி," என்றார். "நீயும் இரு."

எடுத்தேன். மூக்குக்கண்ணாடியின் இரண்டு வட்டத்திலும் நான் இருந்தேன், முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டி, சின்னதாக. அவரும் நானும் சேர்ந்திருக்கிற படம் அது ஒன்றுதான். எஸ்தர் மேடம் பார்த்துவிட்டு, இதை முதலிலேயே எடுத்திருக்கலாமே என்றாள். வீட்டுக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பேப்பர் மடித்தபடி கிடந்தது.

படத்தைப் பிரிண்ட் போடக் கதிரேசன் கொண்டுபோனான். மாலையில் அதைச் சுவரில் மாட்டினான். அப்பாவுக்குக் கோட்டும் டையும் போட்டிருந்தார்கள். ஆயுளில் அவர் கோட்டு போட்டதில்லை. கன்னத்து மச்சம் இல்லை. தோல் புதுப் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு வட்டமும் வெள்ளையாக இருந்தன.

"கண்ணாடியில என்னமோ அழுக்கு இருந்துச்சாம். கடைக்காரன் சுத்தமா எடுத்துட்டான்," என்றான் கதிரேசன். "அதுக்குக் காசுகூட வாங்கல யக்கா."

பாவி. தெருமுனைக்குப் போய் பேனரைப் பார்த்தேன். கீழே மகன் பேர், மருமகள் பேர், பேரன் பேர், மருமகளின் அண்ணன் பேர், பிரிண்ட் போட்ட கடையின் போன் நம்பர். என் பேர் இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் படம் எவ்வளவு தத்ரூபம், யார் எடுத்தது என்று கேட்டார்கள். இப்போது வருகிற போனெல்லாம் தானாகவே நன்றாக எடுக்கிறது என்றான் கதிரேசன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அப்பா படத்துக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். குட்டையானவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். கதிரேசன் செல்போனை என் கையில் கொடுத்தான்.

"யக்கா, நீயே எடு. நீதான் நல்லா எடுப்ப."

எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். லென்சைத் துடைத்தேன். முழங்கையை ஒட்டிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

விரல் இரண்டையும் திரையில் வைத்து இழுத்தேன். ஹால் நீண்டது. திரையில் கதிரேசனின் மீசை பெரிதாக வந்தது. அங்கே அவன் தெருமுனை தூரத்துக்குப் போயிருந்தான். மேலும் இழுத்தேன். வரிசை மொத்தமும் கோட்டு போட்ட படத்தோடு தள்ளித் தள்ளிப் போயிற்று. போகட்டும். அது அப்பா இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி என் பக்கம்தான் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"எடுத்தாச்சா யக்கா?" என்று எங்கிருந்தோ கேட்டது.

"அசையாதீங்க," என்றேன்.