நர்ஸிடம் கேட்ட கேள்வி

என் கணவர் டெல்மரும் என் அம்மா அல்வீனாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சண்டை எதுவும் இல்லை. மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது, முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் ஒமாஹா பழங்குடி வழக்கம். அதுதான் மரியாதை. எங்கள் ஊரான மேஸியில் இப்போது பல வீடுகளில் அதை விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை.

டெல்மருக்கு வேலையே ஒமாஹா மொழிக்கு அகராதி தொகுப்பதுதான். எங்கள் மொழியைத் தடையில்லாமல் பேசத் தெரிந்தவர்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிட்ட காலம் இது. அதில் அம்மா ஒருத்தி. ஆகவே ஞாயிறுதோறும் அம்மா சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். டெல்மர் முன்னறையில் கணினியோடு உட்காருவார். நடுவில், நிலைப்படியில், நான்.

"கொதிக்கிற சூப்பைக் கிளறுறதுக்கும் ஆறின சூப்பைக் கிளறுறதுக்கும் ஒரே சொல்லான்னு கேளு" என்பார் டெல்மர். அம்மாவின் காதில் அது தெளிவாக விழும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்லும்வரை அவள் காபியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு பதிலை என்னிடம் சொல்வாள். அதுவும் டெல்மருக்குத் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நான் சொன்ன பிறகுதான் அவர் விரல் விசைகளில் நகரும்.

எங்கள் மொழியில் ஆண்கள் வாக்கியத்தை முடிக்கும் விதம் வேறு, பெண்கள் முடிக்கும் விதம் வேறு. அம்மாவின் பேச்சையே கேட்டுக் கேட்டுப் பழகிய டெல்மர், சில நேரம் பெண்ணைப்போல் முடித்துவிடுவார். "உன் புருஷன்கிட்ட சொல்லு, பாவாடை நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் நீளமா தைக்கலாம்னு" என்பாள் அம்மா. நான் அதையும் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள் என் வாய் வழியாகப் போயின. ஆனால் எனக்குப் பேச வராது. சொல் சொல்லாகச் சுமந்தேனே தவிர, அவற்றைக் கோத்துப் பேசப் பழகவே இல்லை. அம்மாவும் நானும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அலுவலகத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஓடினேன். சமையலறைத் தரையில், அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் செத்த மீனைப்போல் கிடந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் வேகமாக ஏதோ சொன்னாள். எல்லாம் ஒமாஹா. ஆங்கிலத்தில் கேட்டேன். திரும்பவும் ஒமாஹாதான் வந்தது. அவள் கண்ணில் கோபத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, அவள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆங்கிலம் போய்விட்டது.

ஆம்புலன்ஸ் ஆற்றைத் தாண்டி சூ சிட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. டெல்மர் காரில் பின்னால் வந்தார். தலையைப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், இளவயதுப் பெண், என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது. கரைக்க மருந்து உண்டு. ஆனால் தாக்கம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடலாம்.

"தூங்கி எழும்போதே இப்படி இருந்தாங்களா, எழுந்த பிறகு வந்ததா?" என்று கேட்டார். "அது தெரியாம நான் இந்த மருந்தைத் தொட மாட்டேன்."

எனக்குத் தெரியாது. முந்தின நாள் மாலைக்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அம்மாவிடம் கேளுங்கள் என்றேன். அவர் பேச்சு குழம்பியிருக்கிறது, பொருளில்லாத ஒலிகள்தான் வருகின்றன என்றார் மருத்துவர். குழப்பமில்லை, அது எங்கள் மொழி என்றேன். அப்படியென்றால் என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். அம்மா சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டேன். 'கை' என்ற சொல் புரிந்தது. 'அடுப்பு' புரிந்தது. மீதியெல்லாம் குளறலோடு கலந்து ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று தாண்டியிருந்தது.

டெல்மர் வராந்தாவில், கதவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.

"நான் பேசினா அவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க" என்றார். "பதறிட்டா ரத்த அழுத்தம் ஏறும். செத்தாலும் பரவாயில்ல, இவன்கூட பேச மாட்டேன்னு நினைக்கிற ஆளு."

"பேசாம விட்டாலும் செத்துடுவா, டெல்மர்."

அவர் பயம் வழக்கத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அகராதியில் ஒரு பொருள் தப்பானால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இங்கே அடுத்த பதிப்பு கிடையாது.

உள்ளே வந்தார். அம்மா சட்டென்று கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். டெல்மர் தரையைப் பார்த்தபடி கட்டிலைச் சுற்றிப் போய், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஹைடி என்ற நர்ஸின் முன்னால் நின்றார். பொன்னிறத் தலைமுடி, வெள்ளைக்கார உழவர் வீட்டுப் பெண். மாமியாரிடம் நேராகப் பேசாமல், அவளிடம் ஒமாஹாவில் பேசினார். எனக்கே புரியும்படி மெதுவாகத்தான் பேசினார்.

"இந்த அம்மாகிட்ட கேளும்மா. கை எப்போ விழுந்துச்சுன்னு கேளு."

ஒரு சொல்லும் புரியாமல் ஹைடி விழித்தாள். சும்மா தலையை ஆட்டச் சொல்லி நான் சைகை காட்டினேன். ஆட்டினாள்.

அம்மாவின் மார்பு குலுங்கத் தொடங்கியது. வலிப்பு என்று நினைத்து மருத்துவர் முன்னால் பாய்ந்தார். வலிப்பு இல்லை, சிரிப்பு. பதற்றத்தில் டெல்மர் மறுபடியும் பெண்ணைப்போல் வாக்கியத்தை முடித்திருந்தார். வாயின் இடது பாதியால் அம்மா ஹைடியிடம் ஏதோ சொன்னாள். டெல்மரின் காதுகள் சிவந்தன.

"என்ன சொன்னாங்க?" என்றார் மருத்துவர்.

"அது மருத்துவத்துக்குத் தேவையில்ல" என்றார் டெல்மர். ஆனால் மருத்துவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவர் குழப்பம் என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா பதில் சொன்னாள். காலைப்பொழுதைக் குறிக்கும் ஒரு சொல். எனக்கு உயிர் வந்தது. டெல்மரின் முகத்திலோ ரத்தமே இல்லை. அந்தச் சொல்லுக்கு அவரிடம் இரண்டு பொருள்கள் இருந்தன. பழைய ஒலிப்பதிவு ஒன்றில் ஒரு குடும்பத்தார் அதை விடிவதற்கு முந்தைய இருட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். இன்னொரு குடும்பத்தார் சூரியன் மரங்களுக்கு மேலே வந்த பிறகு உள்ள நேரத்துக்குச் சொன்னார்கள். அம்மாவோடு சமையல், உடம்பு, பறவைகள் என்று பார்த்துவந்தோம். நேரம் பற்றிய சொற்களை இன்னும் தொடவில்லை.

இருட்டில் என்றால் மருந்து ஆளைக் கொல்லலாம். வெயில் வந்த பிறகு என்றால் காப்பாற்றலாம்.

டெல்மர் மீண்டும் ஹைடியிடம் திரும்பினார். அந்த நேரத்தில் ஜன்னலில் என்ன தெரிந்தது என்று கேட்கச் சொன்னார். அம்மா நெற்றியைச் சுருக்கினாள். சொல் கிடைக்காமல் நாக்கு தடுமாறியது. ஹைடி தானாகவே அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். அம்மா மெல்ல மெல்ல, நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தாள்.

"ரொட்டி பொரிக்க எண்ணெய் வெச்சாங்களாம்" என்றார் டெல்மர் மருத்துவரிடம். "பள்ளிக்கூட பஸ் எதிர் வீட்டுல நின்னுச்சாம். அந்த வீட்டுப் பொண்ணு தொப்பி போடாம ஏறுதேன்னு பார்த்தாங்களாம். அப்புறம்தான் கை விழுந்திருக்கு. விழுந்தப்புறமும் இடது கையால அடுப்பை அணைச்சிருக்காங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று மருத்துவர் கேட்டார். ஏழரைக்கு மேல்தான் வரும் என்றேன். நிச்சயமா என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, டெல்மரைத்தான் பார்த்தார்.

டெல்மர் மீண்டும் கட்டில் பக்கம் திரும்பினார். கடைசிக் கேள்வியாக, பஸ்ஸைப் பார்த்தபோது கை நன்றாக இருந்ததா என்று ஹைடியிடம் கேட்டார். அம்மா பொறுமையிழந்து ஒரே சொல்லில் பதில் சொன்னாள். அது எனக்கும் புரிந்தது.

"நிச்சயம்" என்றார் டெல்மர்.

மருந்து ஏறியது. அதன் பிறகான நேரம்தான் கொடுமை. நேரம் தப்பில்லாவிட்டாலும் ரத்தம் கசியலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். அம்மாவின் ஈறில் லேசாக ரத்தம் தெரிந்தபோது டெல்மர் வராந்தாவில் போய் உட்கார்ந்து, காலைப்பொழுதுக்கான அந்தச் சொல்லை உதட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்காரவும் முடியாமல், உள்ளே நிற்கவும் முடியாமல் அலைந்தேன். மாலையில் அம்மாவின் வலது கட்டைவிரல் போர்வையைச் சுரண்டியது.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். கோல் ஊன்றி நடக்கிறாள். ஆங்கிலம் துண்டு துண்டாகத்தான் திரும்புகிறது. அதற்காகக் காத்திராமல் நான் ஒமாஹா பேசத் தொடங்கினேன். தப்பும் தவறுமாகத்தான்.

முன்பு நிலைப்படியில் நின்று ஒரு சொல்லை நான் கோணலாகச் சொன்னாலும் உடனே பிடிப்பாள். இப்போது பிடிப்பதில்லை. தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறாள். நான் சரியாகத்தான் பேசுகிறேனா, அல்லது அவளுக்கே சரி எதுவென்று தெரியவில்லையா? டெல்மரும் அதையேதான் நினைக்கிறார். வாயைத் திறந்து கேட்கவில்லை. அகராதிக் கோப்பைத் திறப்பதையே நிறுத்திவிட்டார்.

நேற்று சூப்பில் பூசணித் துண்டுகள் போட்டுக் கொடுத்தேன். வேண்டுமென்றே பூசணிக்குத் தவறான சொல்லைச் சொல்லி, சாப்பிடு என்றேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, சரியான சொல்லை அசை அசையாகச் சொன்னாள்.

"நாக்குதான் எனக்கு இழுத்துக்கிச்சு" என்றாள் ஒமாஹாவில். "காது இல்ல."

பூசணிக்கான சொல் அவளிடம் பத்திரமாக இருக்கிறது. இன்று காலை சோளத்துக்குத் தவறான சொல்லைச் சொல்லித் தொடங்கினேன்.