பம்ப் கம்பெனியின் டிக்‌ஷனரி

பம்ப் கம்பெனியில் அவளுக்கு டிக்‌ஷனரி என்றுதான் பெயர். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு கடிதமும் அவள் மேஜையில் குளித்துத் தலைவாரிக்கொண்டுதான் கிளம்பும். 'லுக் இன்டு' என்றால் விசாரிப்பது, 'லுக் ஆஃப்டர்' என்றால் சீராட்டிப் பார்த்துக்கொள்வது. வாலில் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல் மாறினால் குடி கெட்டது என்று நினைப்பவள். கெட்டிக்காரி என்று ஆபீஸே மெச்சியது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் காலைக் கட்டிப்போட்டது.

புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. மகளையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலி. மேனேஜர் விடுவித்தால் அது அவளுக்கு. கேட்டுக் கேட்டு அவள் நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

"உன்னை அனுப்பிட்டு இங்கிலீஷுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று சிரிப்பார் மேனேஜர். அந்தச் சிரிப்பைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டெஸ்பாட்ச்காரர்தான் வழி சொன்னார். "தப்புத் தப்பா எழுதும்மா. ஒரு லெட்டர் போதும், அவரே கும்பிடு போட்டு அனுப்பி வெச்சிடுவார்."

ஒழுகும் பம்ப் பற்றிப் பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் புகார் வந்திருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பதில் எழுதினாள். உங்கள் புகாரை விசாரிக்கிறோம் என்பதற்குப் பதிலாகச் சீராட்டிப் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். மாற்றுப் பம்ப் அனுப்புவதைத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்பதற்கு 'புட் ஆஃப்' போடவேண்டிய இடத்தில் 'புட் அவுட்' போட்டு ஊதி அணைத்துவிட்டோம் என்றாள். எழுத எழுதக் கை கூசியது.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"பிரமாதம். இதுக்குத்தாம்மா உன்னை விடமாட்டேங்கிறேன்."

போகட்டும், வாடிக்கையாளராவது காறித் துப்பட்டும் என்று காத்திருந்தாள். வாரக் கடைசியில் பதில் வந்தது. தெளிவான கடிதத்துக்கு மிக்க நன்றியாம். மேனேஜர் அதை மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டினார். கிளைக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "ஏம்மா, உன்னை மாதிரி இங்கிலீஷ் அங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுடி. நான் எழுதுறது சரியா தப்பான்னுகூடத் தெரியாது."

"அப்புறம் ஏம்மா உன்னை விடமாட்டேங்கிறாங்க?"

அவள் சாப்பிட்டியா என்று கேட்டாள்.