காத்திருப்புக்கு ஒரு சந்தா

எங்கள் அறிவிப்பாளர் 'இடி' வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, மறுபடி முழு மூச்சையும் இழுத்து விட்டார். பழைய சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அறிவிப்பாளர் கூண்டுக்குக் கீழே முதல் ஜோடிக் கார்கள் உறுமிக்கொண்டு கோட்டுக்கு வந்துகொண்டிருந்தன. நேரலை ஆரம்பித்தாகிவிட்டது. திரையின் ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"நேத்து பொண்ணு கால்பந்து ஆடினா, தம்பி" என்று பாதி சைகையாகவும் பாதி உதட்டசைவாகவும் சொன்னார். "ஜெயிச்சுட்டாங்க."

பழைய மரச்சாமான்களை ஏலம் விடுவது அவர் தொழில். நாலு தெருவுக்குக் கேட்கும் குரல்; அதனால்தான் 'இடி' என்று பெயர். மகள் கோல் போட்டதற்கு மொத்தத்தையும் செலவழித்துவிட்டு, குற்ற உணர்ச்சியே இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்மீது கோபப்படவும் முடியவில்லை.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். என் அண்ணன் கார் பட்டறை வைத்திருக்கிறான். சனிக்கிழமைகளில் தானே பூட்டிய காரை, பயன்பாட்டில் இல்லாத இந்த விமான ஓடுதளத்தில் ஓட்டுவான். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரியும், நேர்கோட்டில் பறக்கும், யாரோ ஒருவர் முந்துவார். அவ்வளவுதான் பந்தயம். இதைச் சந்தா கட்டிப் பார்க்க ஆள் வருவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான். திடலின் சொந்தக்காரர் ஓடுதளத்தைக் கிடங்கு கட்டக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தார். இந்த ஒரு சீசன் முடியட்டும், சந்தாக்காரர்கள் நிலைத்தால் திடல் நமக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்று கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தேன்.

ஆனால் முந்தைய இரண்டு வாரமும் நடந்தது வேறு. பந்தயம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் காத்திருப்பு. டயரைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றவிட்டுப் புகைகிளப்பிச் சூடேற்ற வேண்டும். கோட்டில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். ஒருவருக்கு இன்ஜின் அடைக்கும், இன்னொருவருக்கு பெல்ட் அறுந்துவிடும். திடலில் நிற்பவனுக்கு ரப்பர் வாசமும் தரையதிர்வும் துணை இருக்கிறது. வீட்டில் சோபாவில் சாய்ந்து கைப்பேசியில் பார்க்கிறவனுக்கு என்ன இருக்கிறது? "ரெண்டு தும்மல் நேரத்துக்கு மாசச் சந்தாவா?" என்று ஒருவர் எழுதிவிட்டு விலகிப் போனார். அவர் பின்னாலேயே நிறையப் பேர் போனார்கள். கல்யாணத்தில்கூட முக்கியமான அந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிடாமல் எடுப்பேன், மிச்சத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவேன். இங்கே வெட்ட முடியாது. நேரலை.

அந்த நேரத்தில்தான் கூண்டின் இரும்புப் படிகளில் அண்ணி ஏறி வந்தாள். அண்ணன் தன் கையுறைகளைச் சமையலறை மேடையில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவை இல்லாமல் ஓட்ட விடமாட்டார்கள். அவற்றைக் கொடுக்கத்தான் வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சனிக்கிழமைகளில் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலைக்கு உட்கார்ந்துவிடுவாள். விடுப்பு நாளாக இருந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் அலமாரியை மறுபடி சுத்தம் செய்வாள், அண்ணன் கூப்பிடும்வரை.

"இதைக் குடுத்துடு தம்பி, நான் கிளம்பறேன்" என்றாள்.

நான் அவள் கையில் மைக்கைத் திணித்தேன். "அண்ணி, பத்தே நிமிஷம். எதையாவது பேசுங்க. நான் கேமராவை விட்டு நகர முடியாது."

"எனக்கு என்ன தெரியும்? முன்னாடி ரெண்டு லைட்டு, பின்னாடி ரெண்டு லைட்டு இருந்தா அது காரு."

"அது போதும்."

இடி எழுந்து, தன் நாற்காலியைத் துண்டால் தட்டி, மகாராணிக்குக் காட்டுவதுபோல இரண்டு கையாலும் காட்டினார். அண்ணி உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மைக்கை ஒரு கணம் முறைத்துப் பார்த்தாள். பிறகு, பல் வலியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வருஷக்கணக்காகப் பேசிப் பழகிய அந்தக் குரல் தானாக வெளியே வந்தது.

"வாங்க, எல்லாரும் வசதியா உக்காந்துக்கோங்க. கொஞ்சம் நேரமாகும். எவ்வளவு நேரம்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. தெரிஞ்சதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். திரையில் யாரோ ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள். அப்புறம் இன்னொருவர்.

மூன்றாவது ஜோடி ஓடி முடித்தபோது வந்தது வினை. ஒரு காரின் அடியிலிருந்து எண்ணெய் கொட்டி, பாதித் தடத்துக்குப் பளபளவென்று ஒரு கறுப்பு ரிப்பன். அதைத் துடைத்தெடுக்காமல் அடுத்த கார் போகக்கூடாது. போன வாரம் இதே மாதிரி எண்ணெய் கொட்டியபோதுதான் பாதிப்பேர் எழுந்து போனார்கள். நான் திரையோர எண்ணைப் பார்க்கப் பயந்து அதன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டேன். அண்ணி எழுந்தாள்.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமதான் தம்பி வெளிய உக்காந்திருக்கறவங்களுக்குக் கோபம் வருது. சொல்லிட்டா உக்காந்திருப்பாங்க. அந்தச் சின்ன கேமராவை எடுத்துக்கிட்டு வா."

கம்பியில்லா மைக்கோடு விடுவிடுவென்று இறங்கினாள். நேரலையைச் சின்ன கேமராவுக்கு மாற்றிவிட்டு நான் பின்னால் ஓடினேன். எண்ணெய்மேல் தூள் கொட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், அது என்ன தூள், ஏன் ரெண்டு தடவை போடுகிறீர்கள், அடுப்பு மேடையில் எண்ணெய் சிந்தினால் இதைப் போடலாமா என்று கேட்டாள். அவரை அதுவரை யாரும் படமெடுத்ததில்லை. துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாராளமாகப் போடலாம் என்று ஐந்து நிமிஷம் விளக்கினார். அங்கிருந்து பேக்கரியம்மாவிடம் போனாள். ரொட்டிக் கடை நடத்துகிற, அண்ணனைவிட மூத்த அந்தப் பெண்மணி, ஒரு பச்சைக் காரை வைத்துக்கொண்டு இங்குள்ள ஆண்கள் எல்லோருக்கும் தண்ணி காட்டுபவர். அன்றைக்கு அண்ணனுக்கு எதிராக ஓடவேண்டியவரும் அவர்தான்.

"பச்சை லைட்டு வர்றதுக்கு முன்னாடி கால் பரபரக்காதாக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"பரபரக்கும்தான். கேக்கு உள்ள இருக்கும்போது அடுப்பைத் திறந்து பாக்கணும்னு கை பரபரக்கும் பாரு, அதே மாதிரி. திறந்தா அமுங்கிடும். இங்க அவசரப்பட்டா செவப்பு லைட்டு, வீட்டுக்குப் போயிடணும்" என்ற பேக்கரியம்மா, கண்ணைச் சிமிட்டினார். "உன் வீட்டுக்காரருக்கு அந்த அவசரம் கொஞ்சம் உண்டு. சொல்லி வை."

அண்ணன் காருக்கு அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. அண்ணி அந்தக் கால்களின் பக்கத்தில் குனிந்து, "வணக்கம், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றாள். உருண்டு வெளியே வந்தவன் முகம் போன போக்கை நான் எடுத்திருக்கிறேன். அதற்காகவே அந்த வீடியோவை வைத்திருக்கிறேன். மூக்கில் கிரீஸ். எழுந்து நிற்பதா, படுத்தபடியே இருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றான். கையுறைகளை அவன் கையில் வைத்தாள்.

"நீ... நீங்க எப்படி இங்க?"

"கேள்வி நான்தான் கேக்கணும். இந்தக் காருக்குள்ள உக்காரும்போது உங்களுக்குப் பயமா இருக்காதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கேட்டு முடித்தபோது சிரிப்பு இல்லை. இத்தனை வருஷமாக வீட்டில், சாப்பாட்டு மேசையில், விளக்கணைத்த பிறகு, எங்கேயும் அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது என்று எனக்குப் புரிந்தது. யாரென்றே தெரியாத சந்தாக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தைரியத்தில் கேட்டுவிட்டாள். அண்ணன் கிரீஸ் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். கேமராவை மறந்துவிட்டான்.

"கதவைச் சாத்தினதும் பயம் போயிடும். ஓடறப்போ நினைக்க நேரமில்ல. முடிஞ்சு இறங்கினதும் திரும்ப வரும். உனக்கு போன் போட்டு, நீ 'ம்' சொல்ற வரைக்கும் இருக்கும்."

அண்ணி துணியை அவன் கையிலிருந்து வாங்கி அவன் மூக்கைத் துடைத்தாள். அழுக்கு இன்னும் பரவியது. "நேயர்களே, இவர் இப்ப கொஞ்சம் பிஸி" என்றாள். "நாம அடுத்தவங்களைப் பாக்கலாம்."

தடம் காய்ந்து, அண்ணனும் பேக்கரியம்மாவும் கோட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கூண்டுக்குத் திரும்பிய அண்ணிக்கு இடி பக்கத்தில் நின்று விரலால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்க, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இப்போது டயரைச் சூடு பண்ணுகிறார்கள். இந்தப் புகையெல்லாம் யார் வீட்டுத் துணியில் படியுமோ. இப்போது இரண்டு பேரும் நிற்கிறார்கள். மஞ்சள் விளக்கு. இன்னொரு மஞ்சள்.

அப்புறம் அவள் சொன்னதை வர்ணனை என்று சொல்ல முடியாது. பச்சை எரிந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூண்டின் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி, சந்தா கட்டிய அத்தனை பேர் காதிலும், வீட்டுக்குள் மட்டுமே வழங்கிவந்த ஒரு செல்லப்பெயர் போய் விழுந்தது.

"புஜ்ஜி! விடாதீங்க! புஜ்ஜீ!"

மூக்கு நுனி வித்தியாசத்தில் பச்சைக் கார் முந்தியது. அண்ணி தோற்றவனுக்கும் ஜெயித்தவருக்கும் சேர்த்துக் கைதட்டினாள், குதித்தாள், குரலே இல்லாத இடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகுதான் மைக் இன்னும் கையில் இருப்பதைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே பந்தயத் தடத்தின் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வந்த அண்ணனை, பேக்கரியம்மா தொடங்கித் துடைப்பக்காரர்வரை எல்லோரும் "வாங்க புஜ்ஜி" என்றுதான் வரவேற்றார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஆனால் உள்ளே சிரிக்கிறான் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

நான் காகிதத்தைக் கிழித்துவிட்டு எண்ணைப் பார்த்தேன். எண்ணெய் கொட்டிய நேரத்தில் யாரும் போகவில்லை. புதிதாக இன்னும் பலர் வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அண்ணி வருவார்களா, அடுப்பு மேடைக்கான தூள் எங்கே கிடைக்கும், புஜ்ஜி எப்போது ஜெயிப்பார் என்று கேள்விகள் வரிசைகட்டி நின்றன. அவ்வளவு நேரமும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திடல்காரர் மேலே வந்தார்.

"சீசன் முழுக்க நிப்பாங்களாப்பா? நிஜமா சொல்லு."

"தெரியலைங்க" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. ஒரு நாள் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்று அவரும் அறிவார், நானும் அறிவேன். அவர் தலையாட்டிவிட்டு, போகும்போது தன் கைப்பேசியை நீட்டி, "எனக்கும் ஒரு சந்தா போட்டுக் குடு, வீட்டம்மா பாக்கணுங்கறா" என்றார்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நேரலையை நிறுத்தப் போனபோது திரையில் அண்ணி தெரிந்தாள். இது எவ்வளவு தூரம்தான் என்று பார்க்க வேண்டுமாம். ஆளில்லாத தடத்தின் நடுவில் அந்தக் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அண்ணன் காரை அவள் பக்கத்திலேயே அவள் நடைக்கு ஈடாக நகர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டி ஆட்டி ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய இன்ஜின் பூனை மாதிரி முனகியது. அவள் நின்றாள், இடுப்பில் கைவைத்து ஏதோ பதில் சொன்னாள், மறுபடி நடந்தாள். கார் மறுபடி நகர்ந்தது. இரண்டு பேரின் நிழலும் தடத்தின் அகலத்தைத் தாண்டிப் புல்வரை நீண்டு கிடந்தது. திரையோரத்தில் எண் குறையவே இல்லை. நான் பொத்தான்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டேன்.