கடப்படிச் சீமெந்து

முற்றத்தில் மண் இருந்தால் பேரனுக்கு இழுப்பு வருமாம். கட்டாரில் இருக்கிற என் மகள் நுஸ்ஹா வீடியோவில் வந்து இப்படிச் சொன்னபோது எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அவள் இதே மண்ணில் தவழ்ந்தவள். ஒரு பிடி அள்ளித் தின்றும் இருக்கிறாள். ஆனால் வீடு அவளுடையது, நான் என்ன சொல்வது? எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். சாய்ந்தமருதில் பிறந்த ஆண் கல்யாணத்தோடு உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்ச் சேருவான். என் மனைவி நஸீறாவின் வீட்டுக்கு நானும் அப்படி வந்தவன்தான். அவள் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தாள், பிறகு மௌத்தாகிப் போனாள். மகள் இல்லாத மகள் வீட்டில் நான் இப்போது காவல்காரனாக இருக்கிறேன்.

"ரெசின் போடுவம் வாப்பா. சின்னக் கல்லோட சேத்துப் போடுறது. கூட்டத் தேவல்ல, கழுவி உட்டாச் சரி" என்றாள் நுஸ்ஹா.

"கூட்டுற வேலையாவது எனக்கு இரிக்கட்டும் புள்ள."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

நான் கல்முனை டிப்போவில் பஸ் ஓட்டினவன். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையச் சனம் கதைத்துக்கொண்டு வரும். கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வந்தால் என்ன என்று எரிந்து விழாத நாள் இல்லை. இப்போது என் வீட்டில் கதைப்பது குளிர்சாதனப் பெட்டி மட்டும். அதுவும் இடைக்கிடை நின்றுவிடும்.

"அந்தக் கடப்பையும் மதில் கட்டி அடைச்சிடுங்க வாப்பா, நாய் வருது" என்றாள் மகள்.

கடப்பு என்றால் பக்கத்து வளவுக்குப் போக வேலியில் ஓர் ஆள் அகலத்துக்கு விட்ட வழி. அந்த வளவு நஸீறாவின் தங்கை ஹப்ஸாவுடையது. அவளுக்கு நஸீறா ராத்தா. மாமியார் ஒரே காணியை இரண்டாக வெட்டி இரண்டு பெண்களுக்கும் கொடுத்தார். வேலியைப் போட்ட கையோடு சகோதரிகள் இருவரும் அதில் ஒரு வழியையும் வைத்துக்கொண்டார்கள். சீனி போகும், மீன் ஆணம் வரும், அழுகையும் சிரிப்பும் அந்த வழியால்தான் வந்து போகும். ஹப்ஸாவின் மாப்பிள்ளை மேசன். அவர் முந்தியே மௌத்து. பிறகு நஸீறாவும் போனாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும் வரைக்கும் ஹப்ஸா பெண்களோடு வந்து சோறு ஆக்கினாள். அதோடு சரி.

சண்டையா என்றால் இல்லை. மனத்தாங்கலா என்றால் அதுவும் இல்லை. அவள் புருஷன் இல்லாதவள், நான் பெண்சாதி இல்லாதவன், தனியே நின்று கதைக்கக்கூடிய மஹ்றம் உறவும் இல்லை. ஊர் வாய்க்கு இது போதாதா? பள்ளிவாசல் வாசலில் ஒருவன், "மச்சியையே முடிச்சிக்கிட்டா என்ன?" என்று என்னிடம் கேட்டும்விட்டான். நான் கொடுத்த ஏச்சில் அவன் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனான். ஆனால் அந்தக் கதை ஹப்ஸாவின் காதுக்கும் போயிருக்கும். அதற்குப் பிறகு கடப்பில் அவளுடைய நிழலைக்கூட நான் காணவில்லை. அவள் இருமுவது கேட்கும், மிளகாய் இடிப்பது கேட்கும். நான் இங்கே விழுந்து செத்தால் முதலில் தெரியவருவது அவளுக்குத்தான், ஆனால் உள்ளே வருவதற்கு அவள் வேறு யாரையாவது கூப்பிட வேண்டும்.

அடைக்கச் சொன்னதற்கு, "பொறகு பாப்பம்" என்றேன். வராத மனிசிக்கு வழி எதற்கு என்று யாரும் கேட்கலாம். ஆனால் அதையும் அடைத்துவிட்டால், கேற்றைத் தட்டாமல் இந்த வளவுக்குள் வரக்கூடிய ஆள் உலகத்திலேயே இல்லை என்றாகிவிடும். அதை மட்டும் என் கையால் செய்ய மனம் வரவில்லை.

வேலைக்கு மருதமுனையிலிருந்து றிம்சான் வந்தான். முதலில் கொங்கிரீட் போட்டுவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொன்னான். விட்டேன். ஹோஸ் பைப் முறுகிக்கொள்ளும், நான் அதைத் தலைமுறை தலைமுறையாக ஏசுவேன், அது திரும்பவும் முறுகும். கதைக்க ஒரு பைப்பாவது கிடைத்ததே என்றுதான் இருந்தது. ஒரு கிழமை கழித்துக் கொங்கிரீட்டை நன்றாகக் காயவிட்டான். பிறகு இரண்டு போத்தலில் கொண்டுவந்த ரெசின் திரவங்களை ஒன்றாகக் கலந்து, கூழாங்கல்லைக் கொட்டிப் பிரட்டி, எள்ளுப்பாகைத் தட்டில் தட்டுகிற மாதிரி முற்றம் முழுக்கத் தட்டிப் பரப்பினான். மூக்கைப் பிடுங்குகிற வாசம். ஆனால் பொய் சொல்லக் கூடாது, வடிவாகத்தான் இருந்தது. நான் வெளியே போய் வர ஓரத்தில் பலகை வைத்துவிட்டுச் சொன்னான்:

"மாமா, இது கொங்கிரீட் மாதிரி இல்ல. நாளைக்குப் பின்னேரம் அசறு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படப்படா. பட்டா வெளுத்திடும்."

"மழ வந்தா?"

"தறப்பாள் வெச்சிரிக்கன். இழுத்து மூடுங்க."

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டு, வழக்கம்போல் கடற்கரையில் தோணிகள் வந்து சேருவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கடப்படியில் ஒரு பாய் அளவுக்கு முற்றம் வெளுத்துக் கிடந்தது. வடிகஞ்சியைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உடனே றிம்சானைக் கூப்பிட்டேன்.

அவன் குந்தியிருந்து தடவிப் பார்த்தான். "தண்ணி ஊத்தி இரிக்கிங்க மாமா."

"நான் என்ன பேயனா? உன்ட சாமான் கூடாது, அதச் சொல்லு!"

"சாமான் கூடாதெண்டா முழுக்க வெளுக்கணும். இந்த இடம் மட்டும் என்னத்துக்கு வெளுக்கிது?"

சாமான் கூடாது, சாமான் கூடாது என்று தெருவுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். அவனும் தணிந்த குரலில் மறுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, பின்னேரம் புதிதாகப் போட்டுவிட்டுப் போனான். வேலிக்கு அந்தப் பக்கம் மிளகாய் இடிக்கும் சத்தம் நின்று, பிறகு தொடங்கியது.

அடுத்த நாள் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பும்போது கையில் ஒரு துளி விழுந்தது. மழை! தறப்பாள் சுருட்டியபடி கிடந்தது நினைவுக்கு வர, அரை ஓட்டமாக வீட்டுக்கு வந்தேன். கேற்றடியில் கால் நின்றுவிட்டது.

கடப்பில் ஹப்ஸா நின்றாள். இந்தப் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை. ஒரு கையில் வாளி. மற்றக் கையால் தண்ணீரை அள்ளி, பூச்சுக் குழிந்துவிடாதபடி மெல்ல மெல்லத் தெளித்தாள். மேசனின் மனைவிக்குக் கைவந்த தெளிப்பு அது. எட்டின மட்டும் தெளித்தாள். முக்காடு சரியச் சரிய முழங்கையால் தள்ளிவிட்டுக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தது விடிகாலை அமைதியில் எனக்குக் கேட்டது.

"புதுப் பூச்சு இப்பிடிக் காஞ்சா ராத்தாட முத்தம் வெடிக்கப் போகுது. இத்தன நாளும் ஊத்தின மனிசன், இப்ப ஊத்தக் காணல்ல. சுகமில்லையோ என்னமோ."

"ஹப்ஸா, நிப்பாட்டு" என்று கத்தியிருக்க வேண்டும். முற்றம் பாழாகிக்கொண்டிருந்தது. ஆனால் நான் கேற்றுத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்படியென்றால் அவள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். காலையும் மாலையும் நான் பைப்பை ஏசிக்கொண்டு தண்ணீர் விட்டதைக் கேட்டிருக்கிறாள். அது நின்றதும் எனக்கு என்னவோ என்று யோசித்திருக்கிறாள். எனக்கு என்னவோ என்று யோசிக்க ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. கண் நிரம்பிவிட்டது. மழை இரண்டு துளியோடு நின்றுபோனது, அவளும் வாளியோடு போய்விட்டாள்.

றிம்சான் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மறுகாவும் வெளுத்திட்டு! இந்த இடத்தில ஜின் இரிக்கா மாமா?"

"நான்தான் ஊத்தின" என்றேன். "கை மறந்து ஊத்திட்டன்."

நேற்று அவ்வளவு குதித்த மனிதனா இது என்று அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஹப்ஸாவிடம் ஆள் விட்டு, இதற்குத் தண்ணீர் ஆகாது என்று சொல்லலாம். சொன்னால் வெட்கத்தில் குறுகிப்போவாள். அதற்குப் பிறகு கடப்புப் பக்கம் தலைகூடக் காட்டமாட்டாள். சொல்லாவிட்டால் போடப்போட வெளுக்கும்.

"தம்பி, இந்த இடத்துக்கு வெறும் சீமெந்து பூசினா என்ன?"

"வடிவில்லாமப் போகும். மகள் ஏசுவா."

"அதுக்குத் தண்ணி ஊத்தலாமா?"

"ஊத்தத்தான் வேணும். ஒரு கிழம ஊத்தணும்."

"கிழமைக்கு மேலயும் ஊத்தினா?"

"பழுதில்ல. ஆனாத் தேவல்ல."

"அப்ப பூசு" என்றேன்.

பூசினான். தேன் நிறத்து முற்றத்தில், கடப்படியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு. நுஸ்ஹா வீடியோவில் பார்த்துவிட்டு, "அதென்ன வாப்பா ஒட்டுப் போட்ட மாதிரி? கடப்பும் அடைக்கல்லையே?" என்று கேட்டாள். புதுச் சீமெந்துக்குப் பக்கத்தில் இப்போதைக்கு மதில் கட்டக் கூடாதாம் என்று சொல்லிவைத்தேன். பஸ் ஓட்டினவனுக்குப் பொய் சொல்ல வராதா என்ன?

அந்தத் துண்டுக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. பைப்பைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். மறுநாள் கடற்கரையில் வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றேன். வந்து பார்த்தபோது கடப்படி நனைந்திருந்தது. அன்றிலிருந்து திரும்பி வரும்போது சந்தியிலேயே பெரிதாக இருமுவேன், செருப்பை இழுத்து இழுத்து நடப்பேன். அவள் போவதற்கு நேரம் கிடைக்க வேண்டுமே.

பேரன் வந்தான். ரெசின் முற்றத்தில் சைக்கிள் விட்டான், இழுப்பு வரவில்லை. போய்விட்டான். வீட்டில் மறுபடியும் குளிர்சாதனப் பெட்டிதான் கதைக்கிறது. ஹப்ஸாவோடு நான் இன்னும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, கதைக்கப் போவதும் இல்லை.

றிம்சான் சொன்ன கிழமை எப்போதோ முடிந்துவிட்டது. சீமெந்து எத்தனை நாளில் இறுகும் என்று மேசனோடு குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா? இன்று காலையும் கடப்படி ஈரமாகத்தான் இருந்தது.