ராசியில்லாத இருக்கை

என் கணவர் டுவேன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நடுவில் எங்கேயும் நிறுத்த மாட்டார். லாரி ஓட்டியே பழகிய உடம்பு. ஒரு தடவை டென்வர் போகும் வழியில் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு அழுகையே வந்துவிட்டது, அப்போதும் "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்றார். அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தச் சனிக்கிழமை அயோவாவில் இருக்கிற கல்லுக்கும் கம்பத்துக்கும் எல்லாம் வண்டியை நிறுத்திக்கொண்டே வந்தார்.

முதலில் சிமென்ட் சோளக்கதிர். வீடு உயரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை நிஜச் சோளம்தான் நிற்கிறது, இதில் சிமென்டில் வேறு.

"நில்லு நடீன், ஒரு போட்டோ எடுக்கறேன்."

"எனக்கெதுக்குய்யா சோளத்தோட போட்டோ? கிளம்பு. ஆட்டம் ஆறரைக்கு."

"நேரம் கெடக்கு. கொஞ்சம் சிரியேன்."

நான் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோவில் என் மூஞ்சியைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஆட்டம் என்றால் எங்கள் மகன் வெஸ்லியின் ஆட்டம். பேஸ்பாலில் பந்து வீசுகிறவன். பெரிய லீக் இல்லை. அதற்குக் கீழே, அதற்கும் கீழே, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் சோளக்காட்டு நடுவில் ஆடுகிற சின்ன லீக். சீசனின் கடைசி வாரம் அது. "இதுதாம்மா கடைசியா இருக்கும். அடுத்த வருஷத்துக்கு என்னை வெச்சுக்க மாட்டாங்கன்னு பேசிக்கறாங்க" என்று போனில் சொல்லியிருந்தான். அவன் மைதானத்தில் நிற்பதை இனி ஒருநாளும் பார்க்க முடியாது. அந்தக் கடைசித் தடவையைப் பார்க்கத்தான் காலையிலேயே கிளம்பினேன்.

அவனுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தது எந்தக் கோச்சும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் தினமும் குத்தவைத்து உட்கார்ந்து அவன் பந்தைப் பிடித்தவள் நான்தான். என் வலது கை மோதிர விரல் கோணலாக இருக்கிறதே, அது அவன் எட்டாம் வகுப்பில் போட்ட பந்து. டுவேன் அப்போது லாரியில் ஏதாவது ஒரு மாநிலத்தில் இருப்பார்.

டுவேன் மைதானத்துக்குள் வர மாட்டார், அது வேறு விஷயம். பள்ளிக்கூட நாளில் அவர் வந்து உட்கார்ந்த ஆட்டங்களில் எல்லாம் வெஸ்லி அடி வாங்கினான். வராத அன்று ஜெயித்தான். அன்றிலிருந்து டுவேன் வெளியே வண்டியில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்பார், நான் உள்ளே உட்கார்ந்து பார்ப்பேன். போனில்கூட அவர் பார்க்கக் கூடாது. இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பேஸ்பால்காரர்கள் வீட்டில் இப்படி ஆயிரம் இருக்கும். ஜெயித்துக்கொண்டிருந்தால் வெஸ்லி காலுறையைத் துவைக்க விட மாட்டான், நாற்றம் குடலைப் பிடுங்கும். மைதானத்தில் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டை மிதிக்க மாட்டான். ஆட்டத்தன்று காலையில் நான் அவனுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு பான்கேக் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவான். நானும் அதை எல்லாம் சாமி காரியம் மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

சோளக்கதிருக்குப் பிறகு கூரை போட்ட மரப்பாலம். அதன் மேல் டுவேன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பெண் என்னை முறைத்தாள். நானும் முறைத்தேன்.

மத்தியானம் ஒரு சின்ன ஊரில் சாப்பாடு. பன்றி இறைச்சியைத் தட்டித் தட்டிப் பொரித்துத் தட்டுக்கு வெளியே தொங்கும்படி வைத்தார்கள். மேலே பன் ஒரு பொத்தான் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. நல்ல ருசி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டுவேன் அதைக் கோழி கொத்துவது மாதிரி கொத்திக்கொண்டிருந்தார்.

"முழுங்கித் தொலையேன்!"

"சூடா இருக்கு."

"எப்பவோ ஆறிப் போச்சு!"

பரிமாறிய பெண்ணைக் கூப்பிட்டு, "ஆப்பிள் பை இருக்காம்மா?" என்றார். இந்த மனிதருக்கு அந்த ஆப்பிள் இனிப்பு பிடிக்கவே பிடிக்காது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது மைதானத்துக்கு வந்த பிறகுதான். விளக்கெல்லாம் போட்டு ஆட்டம் பாதி முடிந்திருந்தது. வண்டி நின்றதும் நான் கதவைத் திறந்தேன். டுவேன் என் கையைப் பிடித்தார்.

"நடீன், போகாத."

"என்ன போகாத? விடு கையை!"

"அவன் காலைல போன் பண்ணான். உன்னைக் கொஞ்சம் தாமதமா கூட்டிட்டு வரச் சொன்னான்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கிடம் பேசினார். "இந்த வருஷம் நீ வந்த ஆட்டமெல்லாம் அவன் அடி வாங்கிட்டானாம். அம்மா வந்து உக்காந்தாலே கை இறுகிப் போகுதுப்பான்னான். கடைசி ஆட்டம், நல்லா முடிக்கணும்னான்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

"நான் ராசியில்லாதவளா? நானா? இந்த விரலைப் பாரு! இது யாருக்காக வளைஞ்ச விரல்? அவன் கேட்டானாம், நீயும் நாள் முழுக்க சோளத்தையும் பாலத்தையும் காட்டி என்னைப் பச்சப் புள்ளையாட்டம் ஏமாத்தினியா?"

"அவன் கேட்டான்மா. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"ரெண்டு பேரும் நாசமாப் போங்க!"

கதவை அறைந்து சாத்திவிட்டு வாசலுக்கு நடந்தேன். டிக்கெட் கிழிக்கிற பெண் வெஸ்லியின் நம்பர் போட்ட என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "நம்ம பையனுக்கு வேண்டியவங்களா? இன்னிக்கி அவன் பந்தை ஒருத்தன்கூட ஒழுங்கா தொடலைங்க" என்றாள்.

உள்ளேயிருந்து ஆரவாரம் வந்தது. இரண்டு அடி வைத்தால் போதும், அவன் தெரிவான். ஆனாலும் அந்த இரண்டு அடியை வைக்க முடியவில்லை. நான் போய் உட்கார்ந்து, அடுத்த பந்தே அடிபட்டால்? அவன் நிமிர்ந்து என்னைத் தேடினால்? காலுறையைத் துவைக்காமல் விட்டவள்தானே நான். பைத்தியம் எனக்கும்தான் பிடித்திருந்தது.

திரும்பி வந்து வண்டியில் ஏறினேன். டுவேன் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

எங்களுக்கு முன்னால் மைதானத்தின் முதுகுதான் தெரிந்தது. தகரச் சுவர், குப்பைத் தொட்டி, விளக்கைச் சுற்றும் பூச்சி. ரேடியோக்காரன் பேசுவான், கொஞ்சம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்கும். டுவேன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் தொடையில் ஒரு விரலைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே கால்மிதி முழுக்க பழைய கடலைத் தோல்.

"இப்படித்தான் உக்காந்திருப்பியா?"

"சீட்டு நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ். ரேடியோக்காரன் திடீரென்று கத்த ஆரம்பித்தான். வெஸ்லி போட்ட பந்து போகிறது, போகிறது, போயே விட்டது. ஹோம் ரன். இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். வெஸ்லியின் அணி பின்தங்கிவிட்டது. அந்தப் பந்து சுவரைத் தாண்டி, எங்களுக்கு நான்கு வண்டி தள்ளி ஒருவனுடைய பானெட்டில் டங்கென்று விழுந்து உருண்டது.

டுவேன் தலையில் கை வைத்தார். நான் அந்தப் பந்தைப் பார்த்தேன், அப்புறம் அவரைப் பார்த்தேன்.

"நீ எங்க இருக்க?"

"என்னது?"

"நீ வண்டியில. நான் வண்டியில. ரெண்டு பேரும் வெளிய. அப்புறம் எவன் ராசிய்யா இது?"

அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"இறங்கு!"

"நடீன், நான் வரக் கூடாது..."

"இறங்குய்யான்னா!"

சட்டையைப் பிடித்து இழுத்தேன். டிக்கெட் பெண் எங்களைப் பார்த்ததும், "இனிமே எதுக்கு டிக்கெட், போங்க போங்க" என்று ஒதுங்கினாள். கோச் பந்து வீசுகிற மேடு வரை வந்து வெஸ்லியிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒருத்தனுக்கு வீசவிடுகிறார் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

நேராக மட்டைக்காரனுக்குப் பின்பக்க வலையோரம் போய் நின்றேன். வெஸ்லி பார்த்துவிட்டான். முதலில் என்னை. அப்புறம் எனக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தான். கையில் பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னடா பாக்கற? பந்தப் போடுடா!" என்று கத்தினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. கோணல் விரலோடு கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் போட்டான். மட்டைக்காரன் சுற்றுவதற்குள் பந்து பிடிப்பவன் கையில் சுளீரென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. இன்னும் ஒன்று விட்டால் மட்டைக்காரன் அவுட்.

டுவேன் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். வலையில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, பக்கத்தில் இருக்கிற எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில் கேட்டார்.

"இவ்ளோ வேகமாவா போடுவான்? எப்பவுமேவா?"

எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. மூன்றாவது பந்து நடுவில் நேராக வந்தது, கண் இல்லாதவனுக்கும் தெரியும். அம்பயர் கையைத் தூக்கவில்லை.

"யோவ் குருட்டு அம்பயர்!" என்று வலையைப் பிடித்து உலுக்கினேன். "இன்னொரு தடவை போடச் சொல்லு! இந்த மனுஷன் இப்பதான்யா உள்ள வந்திருக்காரு!"

வெஸ்லி இன்னொரு தடவை போட்டான்.