லாண்ட்ரியில் ஜப்பான் கடற்படை

மிட்வே போரில் ஜப்பான் ஏன் தோற்றது என்று கேளுங்கள், மூச்சு விடாமல் அரை மணி நேரம் சொல்வேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே ஜப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் தோற்றேன் என்று கேட்டால் பதில் சின்னது. வயிற்றெரிச்சல்.

என் பெயர் திருநாவுக்கரசு. நகரத்தின் தென்கோடி தகனினியில் வீடு, வடகோடி ஆல்பனியில் கம்ப்யூட்டர் வேலை, நடுவில் மோட்டார்வேயில் பாதி ஆயுள். இந்த ஊரில் எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதர் பெனடிக்ற். மன்னார்க்காரர், எலக்ட்ரீஷியன். பக்குரங்காவில் அவர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. ஒரு பெரிய மேஜை, அதன் மேல் இரண்டாம் உலகப் போர், அவ்வளவுதான். ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பும்போது நான் வாசலில் நிற்பேன். பல வருஷமாக இப்படித்தான். ஸ்டாலின்கிராடு ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியது. இம்பாலில் நான் ஜப்பான் பக்கம். மழை வரும்வரை இழுத்தடித்து என் படையைப் பட்டினி போட்டே கொன்றார் மனுஷன். "ரெண்டு பெருசும் பொம்மை வச்சு விளையாடுது" என்பாள் என் மனைவி ரஷ்மி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதில் மண்ணை அள்ளிப் போட வந்தவள்தான் ராகவி.

யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயசு இருக்கும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவள் வீட்டில் குளிருக்கு ஹீட் பம்ப் மாட்டப் போன இடத்தில் செஸ் கோப்பையைப் பார்த்துவிட்டு, பெனடிக்ற் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறே கராஜில் வந்து நிற்கிறாள். தகனினியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாளாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாரம் சும்மா பார்த்தாள். இரண்டாவது வாரம் பாலைவன டாங்கிப் பெட்டியை அவள் மடியில் வைத்தார் பெனடிக்ற். எல் அலமெய்ன் போருக்காக அவரே ஒவ்வொன்றாக வர்ணம் அடித்தது. நான் அதைத் தொடுவதென்றால் கை கழுவிவிட்டு வரச் சொல்வார்! அவளிடம், "வச்சிரும் பிள்ளை, வீட்ட கொண்டு போம்" என்கிறார். அதற்கடுத்த வாரம் அலமாரியில் இரண்டு தட்டு காலி.

"என்னங்க, இதெல்லாம் எங்க போச்சு?" என்றேன்.

"இடம் வேணும், அரசு" என்று வேறு எங்கோ பார்த்தார்.

யாருக்கு இடம் என்று எனக்குத் தெரியாதா? அவர் மனைவி டோறின் சுடச்சுட மீன் கட்லட் கொண்டுவந்தபோது தட்டு முதலில் போனதும் அவளிடம்தான். அவர்கள் மூவரும் கதைக்க ஆரம்பித்தால் நான் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ரஷ்மியிடம் எரிந்து விழுந்தேன். "உனக்குப் பொறாமைப்பா" என்றாள் சர்வசாதாரணமாக. ஆமாம், பொறாமைதான். இந்த வயசில் இன்னொரு பெனடிக்ற்றுக்கு நான் எங்கே போவேன்?

போன ஞாயிறு மிட்வே. இத்தனை வருஷத்தில் நாங்கள் தொடாத போர் அது ஒன்றுதான், ஏனென்றால் அதற்கு மூன்று பேர் வேண்டும். கடலில் எதிரி எங்கே இருக்கிறான் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியக்கூடாது. அதனால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வரைபடம். நடுவர் மட்டும் கராஜில் முழுக் கடலையும் வைத்துக்கொண்டு, அறை அறையாகப் போய் உத்தரவு கேட்பார். முகத்தில் எதையும் காட்டக்கூடாது. பெனடிக்ற் நடுவர், ராகவி அமெரிக்கா, நான் ஜப்பான்.

வெயில் விழும் லவுஞ்சும் நான் வழக்கமாக உட்காரும் சோபாவும் ராகவிக்கு. எனக்குத் துணி துவைக்கும் அறை, லாண்ட்ரி. வாஷிங் மெஷின் மேல் பசிபிக் கடலை விரித்து, சோப்புத்தூள் வாசத்தில் என் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை அடுக்கினேன்.

மிட்வேயின் சிக்கலே ஒன்றுதான். தீவைத் தாக்க விமானங்களில் குண்டு ஏற்ற வேண்டும், கப்பலைத் தாக்க டார்பிடோ ஏற்ற வேண்டும். மாற்றுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கப்பலுக்குள் பெட்ரோலும் வெடிமருந்தும் சிதறிக் கிடக்கும். எதிரி அப்போது வந்தால் கதை முடிந்தது. ஜப்பான் தளபதி நகுமோ இப்படி மாற்றி மாற்றித்தான் மாட்டிக்கொண்டார். ஒரு முடிவெடுக்கத் தெரியாத மனுஷன் என்று அவரை நான் திட்டாத ஞாயிறு கிடையாது.

பெனடிக்ற் முதல் தடவை வந்தபோது, "எல்லாத்துலயும் குண்டு, தீவை அடிக்கிறேன்" என்றேன். போனார். லவுஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரிப்பு, கூடவே அவள் சிரிப்பு. அப்படி என்ன வேண்டிக் கிடக்கிறது அங்கே? திரும்பி வந்தபோதும் வாயெல்லாம் பல்.

அவள் கப்பல்கள் என்னை நெருங்கிவிட்டன, அதுதான் இரண்டு பேருக்கும் இளிப்பு என்று தோன்றியது. "குண்டை இறக்குங்க. டார்பிடோ ஏத்தறேன்" என்றேன்.

"வடிவா யோசிச்சனீரோ?"

"யோசிச்சாச்சு."

அடுத்த முறை அவர் வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. கண்கூடக் கொஞ்சம் சிவந்திருந்தது. ஓஹோ, செல்லப் பிள்ளைக்கு என் கப்பல் அகப்படவில்லை போலிருக்கிறது, அதற்கு இவ்வளவு துக்கமா என்று உள்ளுக்குள் குளிர்ந்தது. அப்படியானால் பக்கத்தில் கப்பல் இல்லை. "மறுபடி குண்டே ஏத்திடுங்க" என்றேன். என்னமோ சொல்ல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுமுறை வாசலிலேயே நின்றார். "அரசு, மேலயிருந்து வருகினம்."

அவள் விமானங்கள் வந்து விழுந்தபோது குண்டு மாற்றிக்கொண்டிருந்தன அகாகி, காகா, சோர்யு. மூன்றும் வாஷிங் மெஷின் மேலேயே எரிந்தன. ஹிர்யு மட்டும் மிச்சம்.

நான் நேராக லவுஞ்சுக்குப் போனேன். ராகவி பாதிக் கட்லட்டோடு நிமிர்ந்தாள். பின்னாலேயே வந்த பெனடிக்ற்றைப் பார்த்து, "நீங்க சொல்லிக் குடுத்துட்டீங்க" என்றேன். "நான் எங்க இருக்கேன்னு அவளுக்குச் சொல்லிட்டீங்க. உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துருச்சு. முதல்ல சிரிச்சுக்கிட்டு வந்தீங்க, அப்புறம் அழாத குறையா வந்தீங்க."

நடுவரைப் பார்த்து இதைவிடக் கேவலமாக ஒன்று சொல்ல முடியாது.

"நான் உங்களை மற்றப் பக்கத்திலதான் தேடினனான், அங்கிள்" என்றாள் ராகவி. "பிளேனுக்குப் பெற்றோல் முடியிற நேரத்திலதான் கண்டது."

சமையலறை வாசலில் டோறின் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். புருஷனைப் பார்த்து, "இன்னும் அவருக்குச் சொல்லேல்லையோ நீங்கள்?" என்றார்.

பெனடிக்ற் சோபாவில் உட்கார்ந்தார். "பிரிஸ்பேனுக்குப் போறம், அரசு. மகன் மத்தியூ அங்க வீடு வாங்கிட்டான், எங்களையும் வரச் சொல்லுறான். அடுத்த மாசம் இந்த வீட்டை விக்கப் போடுறம்."

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"மேசை உம்மட வீட்டுக்குத்தான். மிச்சச் சாமானை உமக்கும் இவவுக்கும் எண்டு பிரிச்சுக்கொண்டிருக்கிறன். நான் போனாப் பிறகு உம்மோட விளையாட ஆர் இருக்கினம்? அதுதான் இந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிச்சனான். உமக்குக் கிட்டவும் இருக்கிறா. ஞாயிறில உம்மட வீட்ட வருவாவோ எண்டு இண்டைக்குத்தான் கேட்டன். ஓம் எண்டு சொன்னா. அப்பதான் சிரிச்சனாங்கள். பிறகு, இதை உமக்குச் சொல்லவேணுமே எண்டு நினைச்சுக்கொண்டு வரேக்கை…"

சிவந்த கண்ணுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது. என் இடம் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. காலியாகப் போவது அவருடைய இடம்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். ராகவியிடமும் சொன்னேன். அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு கப்பல் மிச்சம் இருக்கு" என்றார் பெனடிக்ற். "முடிப்பம்."

எழுந்தேன். ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அங்க விளையாட ஆள் இருக்காங்களா?"

மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "ஒராள் இருக்கிறாராம். மத்தியூதான் சொன்னவன். செல்வரத்தினம் எண்டு, ரிட்டயர் ஆனவர். கராஜ் முழுக்க ரஷ்யப் படை வச்சிருக்கிறாராம்!"

"நல்லது" என்று சொல்லிவிட்டு லாண்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாஷிங் மெஷின் மேல் ஹிர்யு தனியாக நின்றது. யார் இந்த செல்வரத்தினம்? ரஷ்யப் படையாமே, முழு கராஜாமே.

கதவு தட்டப்பட்டது. பெனடிக்ற் உத்தரவுக்கு வந்து நின்றார். "சொல்லும், அரசு. குண்டோ, டார்பிடோவோ?"

"அந்த ஆளு" என்றேன், "என்னைவிட நல்லா விளையாடுவாரா?"