செலதோனியோ வளைவு

சந்துகளின் பெயர் கேட்டு வருகிறவனிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பாசனத்தைக் கவனிக்கும் வாய்க்கால் தலைவர் ஒனோஃப்ரே வீடு வீடாக வந்து எச்சரித்தார். ஆம்புலன்ஸ் வழி தவறாமல் வர சந்துக்குச் சந்து பெயர்ப்பலகை நடப்போகிறார்களாம். அதற்கு மாவட்ட அலுவலகத்து ஆள் ஒருவன் வந்திருந்தான்.

"ஸ்பானிஷ் நல்லாத்தானே பேசறான்?" என்றாள் எவுஃபேலியா அத்தை.

"நம்ம பாஷை பேசறவனைத்தாம்மா முதல்ல அனுப்புவானுங்க. போன தடவை பேரெல்லாம் எழுதிட்டுப் போனான் ஒருத்தன். அப்புறம் என்னாச்சு? செர்ரோ பெலோன் மலையைச் சுத்தி வேலி. பலகையில ஏதோ இங்கிலீஷ் பேரு. நம்ம ஆடு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியுதா?"

அத்தை மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டாள். மார்ச் மாதம் அவளுக்கு மூச்சு முட்டியபோது ஆம்புலன்ஸ் ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே முக்கால் மணி நேரம் சுற்றியது. இன்னொரு முறை அப்படி ஆனால் தாங்கமாட்டாள் என்று நர்ஸ் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

ஆனாலும் அவன் வந்து எங்கள் சந்தின் பெயரைக் கேட்டதும், "சான் கிறிஸ்தோபல் சந்து" என்று முகம் மாறாமல் பொய் சொன்னாள் அத்தை. அவன் சிரித்துக்கொண்டே எழுதினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆப்பிள் மரங்களின் மறைவில் அவன் பின்னால் போனேன். பனியில் வண்டி கவிழ்ந்து செலதோனியோ மாமா இறந்த வளைவில் ஒரு சிலுவை நட்டிருக்கிறோம். பக்கத்தில் அவன் வண்டி நின்றது. அவன் சிலுவை முன் குனிந்து, அதில் செதுக்கிய பெயரை எழுதிக்கொண்டான். செத்தவர் பெயர் இவனுக்கு எதற்கு? ஓடிப்போய் ஒனோஃப்ரேயிடம் சொன்னேன்.

அவர் மண்வெட்டியோடு வந்து, எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தவனை மறித்தார். காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். சான் கிறிஸ்தோபல் அடிக்கப்பட்டு, 'செலதோனியோ வளைவு' என்று இருந்தது. எங்கள் சந்துக்கு ஊருக்குள் நாங்கள் சொல்லும் பெயர் அதுதான்.

"யாருடா சொன்னது?" கேள்வி அவனிடம், பார்வை என்மேல்.

"யாரும் சொல்லலீங்க. சிலுவையைப் பார்த்தேன். எங்க ஊர்லயும் செத்தவங்களை வெச்சுத்தான் வழி சொல்லுவோம். மேப் போட வந்தவனுக்கு இல்லாத ஆறு ரெண்டைச் சொல்லி அனுப்புனவரு எங்கப்பா. பொய்ப் பேரு எனக்குத் தெரியாதா?"

"நீ யாரு வீட்டுப் பையன்?"

"அப்பா வழி கிந்தானா. அம்மா வழி மாஸ்கரேன்யாஸ். மலைக்கு அந்தப் பக்கம்."

"மாஸ்கரேன்யாஸா? ஆடு திருடற கூட்டமாச்சே!"

"அது பெரிய மாமா மட்டுந்தாங்க."

அத்தைக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. ஒனோஃப்ரே மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தக் காகிதத்தைக் குடுத்துடு ஒனோஃப்ரே. பலகை நடட்டும்" என்றாள் அத்தை.

"நாளைக்கு வேலியோட வந்து நின்னான்னா?"

"சண்டை போட நான் உயிரோட இருக்க வேணாமா?"

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவன் வண்டி ஆற்றைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வண்டி நம்பரைப் பார்த்தியாடி?"

அவன் சிலுவை முன் குனிந்தபோதே பார்த்து வைத்திருந்தேன்.